2 கேபி ராமில் ஒரு வீட்டு கேம் கன்சோல்: எதில் ஆரம்பிக்கலாம்?

புதுக்கை, ஜூன் 3, இரவு 9.40
1983-ல வந்த நிண்டெண்டோ ஃபேமிகாம் கன்சோல்ல பிராசஸருக்குன்னு இருந்த ராம் 2 கேபி. ஆர்டுயினோ ஊனோ போர்டுல இருக்கிற அட்மெகா 328பி சிப்லயும் அதே 2 கேபி. அது 1.79 மெகாஹெர்ட்ஸ், இது 16. அப்படின்னா ஒரு ஆர்டுயினோ ஊனோவை வெச்சே அந்தக் காலத்து கேம்களை ஓட்டுற கன்சோல் செஞ்சிடலாம்தானே? பிரெட்போர்டு, ஆர்சிஏ ஜாக், ரெசிஸ்டர், பட்டன் எல்லாம் கையில இருக்கு. சால்டரிங் சுமாரா வரும். பெட்டி டிசைன் முடிஞ்சுது. எதுல ஆரம்பிக்கலாம்?

ஈயப்புகை, ஜூன் 3, இரவு 9.58
பெட்டியில ஆரம்பிச்சாச்சே, அப்புறம் என்ன.

ஸ்கேன்லைன், ஜூன் 3, இரவு 10.45
2 கேபி கணக்கு சரி. அதிலிருந்து எடுத்த முடிவுதான் சரியில்லை. ஃபேமிகாமில் பிராசஸர் படமே வரையாது. படத்துக்கென்று பிபியு என்ற தனி சிப். அதற்குத் தனியாக 2 கேபி வீடியோ ராம், ஸ்பிரைட்டுகளுக்கு 256 பைட், உருவங்கள் எல்லாம் கார்ட்ரிட்ஜில். 256×240 புள்ளிகள் கொண்ட முழுப் படம் எங்கேயும் சேமித்து வைக்கப்படுவதில்லை. எந்தக் கட்டத்தில் எந்த 8×8 உருவம் என்ற அட்டவணை மட்டும்தான் இருக்கும். பிபியு அதைப் பார்த்துப் பார்த்து ஒவ்வொரு புள்ளியையும் அந்தக் கணத்தில் உருவாக்கி டிவிக்குத் தள்ளும்.

அந்த வேலையையும் பிராசஸர் வேலையையும் 328பி ஒற்றை ஆளாகச் செய்ய வேண்டும். பிபியுவின் புள்ளி வேகம் 5.37 மெகாஹெர்ட்ஸ். 16-ஐ அதால் வகுத்தால் ஒரு புள்ளிக்கு 3 கிளாக் (சிப்பின் துடிப்பு). பிராசஸர் பக்கம் பார்த்தால், ஃபேமிகாமின் 6502 வகைப் பிராசஸரில் 2 கிளாக்கில் முடியும் எளிய கட்டளைக்கு உங்கள் கையில் 18 கிளாக். அதற்குள் கட்டளையைப் படித்து, என்னவென்று பிரித்து, செய்து, ஃபிளாக் பிட்டுகளையும் மாற்றியாக வேண்டும். இடையிடையே படமும் போக வேண்டும். பழைய கேமை அப்படியே ஓட்டும் எமுலேட்டர் ஆசையை 328பியில் விட்டுவிடுங்கள்.

சொந்தமாக எழுதிய கேமை ஓட்டும் கன்சோல் என்றால் தாராளமாக முடியும்.

ரெண்டுகேபி, ஜூன் 3, இரவு 11.20
வரிசை இதுதான்: படம், பட்டன், ஒரு முழு கேம், சத்தம், அதுக்கப்புறம் போர்டு, கடைசியா பெட்டி. கேம் முடியுற வரைக்கும் சால்டரிங் அயர்னைத் தொடாதீங்க. கேம் எழுதும்போதுதான் இன்னும் ரெண்டு பட்டன் வேணும்னு தெரியும், ஏதோ ஒரு பின் வேற வேலைக்கு வேணும்னு தெரியும்.

முதல் படம் வர, டிவிக்கு சிக்னல் அனுப்புற டிவிஅவுட் லைப்ரரி போதும். கருப்பு வெள்ளை, 128×96. வெளியில ரெண்டே ரெசிஸ்டர்: ஊனோவோட டி9 பின்னிலிருந்து 1 கிலோ ஓம், டி7-லிருந்து 470 ஓம். ரெண்டு மறுமுனையும் ஒண்ணா சேர்ந்து ஆர்சிஏ ஜாக்கோட நடுப்பின்னுக்கு. ஜாக்கோட வெளி வளையம் கிரவுண்ட். அவ்வளவுதான்.

புதுக்கை, ஜூன் 4, காலை 7.15
ஏன் 1 கிலோவும் 470-ம்? என்கிட்ட 1 கிலோ நிறைய இருக்கு, ரெண்டுக்கும் அதையே போட்டா?

ஸ்கேன்லைன், ஜூன் 4, காலை 8.02
டிவியின் உள்ளே வீடியோ பின்னுக்கும் கிரவுண்டுக்கும் நடுவே 75 ஓம் இருக்கிறது. உங்கள் இரண்டு ரெசிஸ்டரும் அந்த 75-உடன் சேர்ந்து மின்னழுத்தத்தைப் பங்கு போடுகின்றன. டி9 சிங்க் (வரி எங்கே தொடங்குகிறது என்று டிவிக்குச் சொல்லும் துடிப்பு), டி7 படம். கணக்கு போட்டால்:

இரண்டும் கீழே: 0 வோல்ட், இது சிங்க் துடிப்பு.
டி9 மட்டும் மேலே: 0.30 வோல்ட், இது கருப்பு.
இரண்டும் மேலே: 0.95 வோல்ட், இது வெள்ளை.

டிவி எதிர்பார்ப்பது 0, 0.3, 1.0. எனவே கிட்டத்தட்ட அளவெடுத்துத் தைத்தது போல. இரண்டுக்கும் 1 கிலோ போட்டால் வெள்ளை 0.65-இல் நின்றுவிடும், அதாவது பாதி வெளிச்சம். சில டிவி அதைத் தானாகத் தூக்கிக் காட்டும், சில டிவி காட்டாது.

இரண்டையும் இடம் மாற்றிப் போடுவதுதான் அதிகம் நடப்பது. அப்போது கருப்பு 0.65, வெள்ளை 0.95. சிங்க் தேவைக்கு மேல் ஆழமாக இருப்பதால் படம் கல் மாதிரி ஆடாமல் நிற்கும், ஆனால் அழுக்குச் சாம்பலாகத் தெரியும். படம் நிலையாக இருந்து மங்கலாக மட்டும் இருந்தால் புரோகிராமைத் தோண்டாதீர்கள், ரெசிஸ்டரின் வண்ண வளையத்தைப் பாருங்கள். 470 என்றால் மஞ்சள், ஊதா, பழுப்பு. 1 கிலோ என்றால் பழுப்பு, கருப்பு, சிவப்பு.

ஈயப்புகை, ஜூன் 4, காலை 8.30
வளையத்தை டியூப்லைட் வெளிச்சத்துல பார்த்து சத்தியம் பண்ணாதீங்க. மல்டிமீட்டர்ல அளந்து பாருங்க.

இன்னொண்ணு. டிவில ஆர்சிஏ இல்லாம 3.5 மில்லிமீட்டர் ஏவி ஓட்டை மட்டும் இருந்தா, அந்த நாலு வளையத்துல எது வீடியோ, எது கிரவுண்டுன்னு டிவிக்கு டிவி மாறும். டிவியை அணைச்சு, வெறும் கேபிளைச் செருகி, மறுமுனையில கிரவுண்டுக்கும் ஒவ்வொண்ணுக்கும் நடுவுல ஓம் அளவு எடுங்க. 75 பக்கம் காட்டுறது வீடியோ. சவுண்ட் இன்புட் எல்லாம் கிலோ ஓம் கணக்குல காட்டும்.

புதுக்கை, ஜூன் 5, இரவு 10.10
படம் வந்துருச்சு. பழைய டியூப் டிவில சுத்தமா வருது. புது எல்இடி டிவில ஏவியைத் தேர்ந்தெடுத்தா ஒரு நொடி வந்துட்டு "சிக்னல் இல்லை"ன்னு போயிடுது. அதே வயர், அதே போர்டு.

ஸ்கேன்லைன், ஜூன் 5, இரவு 10.48
சர்க்யூட்டில் தப்பு இல்லை. என்டிஎஸ்சி என்ற டிவி முறையின் வழக்கமான ஒளிபரப்பில் 525 வரி, ஒற்றைப்படையும் இரட்டைப்படையுமாகப் பின்னி வரும். பழைய கன்சோல்களும் இந்த லைப்ரரியும் பின்னாமல் நொடிக்கு 60 தடவை 262 வரி அனுப்பும். பால் (PAL) என்ற இன்னொரு முறை என்றால் நொடிக்கு 50 தடவை, 625-க்கு பதில் 312. டியூப் டிவிக்கு இது ஒரு பொருட்டே இல்லை. டிஜிட்டல் டிவி சிலது இதை ஒத்துக்கொள்ளாது. சிலது பின்னிய படம் என்று நினைத்து இரண்டு ஃப்ரேமைக் கலந்து, ஓடும் பந்துக்கு வால் முளைக்க வைக்கும். ஏவியை எச்டிஎம்ஐ ஆக்கும் மலிவான டப்பாக்களும், கம்ப்யூட்டரில் செருகும் கேப்சர் குச்சிகளும் இதே ரகம்தான். பாலுக்கு மாற்றிப் பாருங்கள். சில டிவி 50-ஐ ஏற்கும், 60-இல் முரண்டு பிடிக்கும். தலைகீழாகவும் உண்டு.

ரெண்டுகேபி, ஜூன் 5, இரவு 11.05
பாலுக்கு மாறுறதுல இன்னொரு லாபம் இருக்கு, யாரும் சொல்றதில்லை. 96 வரியை ரெண்டு ரெண்டு தடவை காட்டுனா 192 வரி. அந்த 192-லயும் சிப் படம் தள்ளுறதுலயே மூழ்கி இருக்கும். கேம் லாஜிக்குக்கு உருப்படியா கிடைக்கிறது மிச்ச வரிகள்தான். என்டிஎஸ்சில மிச்சம் 70 வரி, சுமார் 4.4 மில்லி நொடி, 71,000 கிளாக். பால்ல 120 வரி, 7.7 மில்லி நொடி, கிட்டத்தட்ட 1,23,000 கிளாக். நொடிக்கு 10 ஃப்ரேம் குறையும், ஆனா ஒவ்வொரு ஃப்ரேமுக்கும் முக்கால் மடங்கு கூடுதல் நேரம்.

ஈயப்புகை, ஜூன் 5, இரவு 11.12
50-ல பந்து தத்தித் தத்திப் போகும்.

ரெண்டுகேபி, ஜூன் 5, இரவு 11.15
128 புள்ளி அகலத்துல எதுவுமே தத்தித்தான் போகும்.

புதுக்கை, ஜூன் 7, மாலை 6.30
டென்னிஸ் கேம் (ரெண்டு மட்டை, ஒரு பந்து) பாதி எழுதியாச்சு. கம்பைல் பண்ணும்போது குளோபல் வேரியபிள் 610 பைட், இன்னும் 1438 பைட் மிச்சம்னு சொல்லுது. போர்டுல ஏத்துனா திரையே வர மாட்டேங்குது. சில வேரியபிளைத் தூக்கினா படம் வருது, ஆனா கீழ் ரெண்டு வரியில புள்ளி புள்ளியா மினுக்குது.

ரெண்டுகேபி, ஜூன் 7, மாலை 7.20
இந்த இழையிலேயே முக்கியமான கேள்வி இதுதான்.

128×96 புள்ளி, ஒரு புள்ளிக்கு ஒரு பிட், மொத்தம் 1536 பைட். கம்பைலர் காட்டுற கணக்குல அந்த 1536 சேரவே சேராது. லைப்ரரி அதை ஓடும்போதுதான் மிச்ச ராம்ல (ஹீப்) கேட்டு வாங்கும். அதனால உங்க உண்மையான மிச்சம் 2048-ல 1536 போக 512. அதுக்குள்ளதான் உங்க வேரியபிள், லைப்ரரியோட வேரியபிள், ஸ்டாக் (ஃபங்க்ஷன் முடிஞ்சு எங்க திரும்பணும்ங்கிற ரிட்டர்ன் அட்ரஸ் எல்லாம் இருக்கிற இடம்) எல்லாம். 610 எங்கிருந்து கொள்ளும்? இடம் கிடைக்கலைன்னா பிகின் ஃபங்க்ஷன் 0-க்கு பதிலா வேற எண்ணைத் திருப்பித் தரும். அதை யாரும் பார்க்கிறதில்லை. பாருங்க. 0 இல்லைன்னா 13-ம் பின் எல்இடியை எரிய விடுங்க.

கீழ் வரி மினுக்குறது ஏன்னா, ராம்ல கீழேருந்து வேரியபிள், அதுக்கு மேல திரை, உச்சியிலேருந்து கீழ்நோக்கி வளர்ற ஸ்டாக். திரையோட கடைசி பைட்டுகள்தான் ஸ்டாக்குக்குப் பக்கத்து வீடு. ஃபங்க்ஷனுக்குள்ள ஃபங்க்ஷன்னு கூப்பிடும்போது ஸ்டாக் இறங்கி வந்து திரையோட கடைசி வரிகள் மேல எழுதிடுது. நீங்க பார்க்கிற புள்ளிகள் உங்க ரிட்டர்ன் அட்ரஸ். ஸ்டாக் வழியறதைக் கண்ணால பார்க்க இதைவிட நல்ல கருவி கிடையாது. ஆனா அதே வரிகள்ல நீங்க ஸ்கோர் எழுதினீங்கன்னா ரிட்டர்ன் அட்ரஸ் மேலயே எழுதுறீங்க, சிப் எங்கேயாவது தாவிடும்.

குளோபலை 300 பைட்டுக்குள்ள கொண்டு வாங்க. எங்க வெட்டலாம்:

சீரியல் பிரிண்ட் இருந்தா எடுத்துடுங்க. வாங்க 64, அனுப்ப 64, பஃபருக்கே 128 பைட் போகுது.
இன்ட் போட்ட இடமெல்லாம் பைட் போதுமான்னு பாருங்க. 128-க்குள்ள இருக்கிற இடத்துக்கு 2 பைட் எதுக்கு?
ஃப்ளோட் (தசம எண்) வேணாம். பந்தோட இடத்தை 16 பிட் எண்ணா வைங்க, மேல் 8 பிட் புள்ளி, கீழ் 8 பிட் பின்னம். வேகம் 1.5ன்னா 384 கூட்டினா போச்சு.
வார்த்தைகள், படங்கள், லெவல் எல்லாம் ஃபிளாஷ்ல (புரோகிராம் இருக்கிற நினைவகம்). 32 கேபி சும்மா கிடக்கு.

அப்பவும் பத்தலைன்னா 120×96 எடுங்க, 96 பைட் மிச்சமாகும். அகலம் 8-ஆல வகுபடணும், அது மட்டும் ஞாபகம் இருக்கட்டும்.

ஸ்கேன்லைன், ஜூன் 7, இரவு 9.35
மேலே சொன்னதெல்லாம் சரி. ஆனால் அதோடு நிறுத்தினால் புதியவருக்கு ஒரு தவறான எண்ணம் தங்கிவிடும், 2 கேபியில் 1536 திரைக்குப் போவது விதி என்று. அது இந்த லைப்ரரியின் வழி மட்டும்தான்.

ஃபேமிகாம் செய்ததையே செய்யலாம். 128×96 திரையை 8×8 கட்டங்களாக வெட்டினால் 16×12, அதாவது 192 கட்டம். கட்டத்துக்கு ஒரு பைட் என்றால் முழுத் திரையும் 192 பைட்டில் முடிந்தது. உருவங்கள் ஃபிளாஷில். ராமில் 1800-க்கு மேல் மிச்சம். விலை என்னவென்றால் படம் வரையும் ரொட்டீனை நீங்களே எழுத வேண்டும்.

அதற்கும் 328பியில் ஒரு குறுக்கு வழி உண்டு. சிப்பின் சீரியல் பகுதியான யுஸார்ட்டை, கிளாக்கோடு சேர்த்து பிட்டுகளை அனுப்பும் எஸ்பிஐ மாஸ்டர் முறையில் போட்டால், சீரியல் அனுப்பும் டி1 பின் வழியாகப் பிட்டுகள் வரிசையாகப் போகும். வேகத்தை வைக்கும் பாட் ரெஜிஸ்டரில் 2 போட்டால் ஒரு பிட்டுக்கு 6 கிளாக். 8 புள்ளிக்கு 48 கிளாக். 128 புள்ளிக்கு 48 மைக்ரோ நொடி, ஒரு வரியில் கண்ணுக்குத் தெரியும் பகுதி 52 மைக்ரோ நொடி, அழகாக அடங்கும். ஒரு கட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போதே அடுத்த கட்டத்தின் எண்ணைப் படித்து, ஃபிளாஷிலிருந்து பைட்டை எடுத்து வைக்க 48 கிளாக் தாராளம். சாதாரண எஸ்பிஐயிலும் செய்யலாம், ஆனால் அதற்கு அனுப்பும் பஃபர் இல்லை. ஒவ்வொரு பைட்டுக்கும் நடுவில் சின்ன இடைவெளி விழும், திரையில் அது செங்குத்துக் கோடுகளாகத் தெரியும்.

இரண்டு எச்சரிக்கை. வரி முடிந்ததும் டிரான்ஸ்மிட்டரை அணைத்து டி1-ஐக் கீழே வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பின் மேலேயே நின்று வலது ஓரம் வெள்ளையாக இழுக்கும். இந்த முறையில் டி4 கிளாக் வெளியீடாகிவிடும், அங்கே பட்டன் வைக்காதீர்கள்.

ஈயப்புகை, ஜூன் 7, இரவு 9.50
முதல் கேம் இன்னும் முடியலை. அதுக்குள்ள அவரை வீடியோ சிப் எழுத அனுப்பிட்டீங்க.

ஸ்கேன்லைன், ஜூன் 7, இரவு 9.58
இரண்டாவது கேமுக்கு.

புதுக்கை, ஜூன் 9, இரவு 8.40
மினுக்கல் போச்சு. குளோபல் 240. இப்ப பட்டன் சந்தேகம். பட்டனுக்கு டிபௌன்ஸ் (அமுக்கும்போது வர்ற அதிர்வை வடிகட்டுறது) போட எல்லா இடத்துலயும் டிலே வைக்கச் சொல்றாங்க. வெச்சா கேம் நிக்குது.

ரெண்டுகேபி, ஜூன் 9, இரவு 9.10
டிலேயைத் தூக்கிப் போடுங்க. ஒரு ஃப்ரேமுக்கு ஒரு தடவை மட்டும் பட்டனைப் படிங்க. 60-ல 16.7 மில்லி நொடிக்கு ஒரு தடவை, 50-ல 20. சாதாரண பட்டனோட அதிர்வு அதுக்குள்ள அடங்கிடும். போன ஃப்ரேம்ல என்ன இருந்துச்சுன்னு ஒரு பைட்ல வெச்சுக்கிட்டா "இப்பதான் அமுக்கினாங்க"ங்கிறதும் கிடைச்சிடும். பட்டனோட ஒரு கால் பின்னுக்கு, இன்னொண்ணு கிரவுண்டுக்கு, சிப்புக்குள்ள இருக்கிற புல்-அப்பை (அமுக்காதப்ப பின்னை 1-ல வைக்கிற ரெசிஸ்டர்) ஆன் பண்ணிக்கங்க. வெளியில ரெசிஸ்டரே வேணாம். அமுக்கினா 0 வரும்.

எங்கேயாவது காத்திருக்கணும்னா லைப்ரரியோட சொந்த டிலேயையே பயன்படுத்துங்க. வெளி இன்டரப்டுகள் (நடுவுல நுழையுற வேற வேலைகள்) ஓடினா வரி ஆரம்பிக்க சில கிளாக் தள்ளிப்போகும், படத்தோட ஓரம் பல்லுப் பல்லா ஆடும்.

ஈயப்புகை, ஜூன் 9, இரவு 9.40
டென்னிஸ்னா பட்டன் எதுக்கு? 10 கிலோ பொட்டென்ஷியோமீட்டர் ரெண்டு வைங்க. ரெண்டு ஓரக் கால் 5 வோல்ட்டும் கிரவுண்டும், நடுக்கால் ஏ0. நடுக்காலுக்கும் கிரவுண்டுக்கும் 100 நானோஃபாரட் போட்டா மட்டை நடுங்காது. பி10கேன்னு போட்டிருக்கிறதைப் பாருங்க, அது பெரும்பாலும் லீனியர். ஏ எழுத்துல ஆரம்பிச்சா ஆடியோ வகையா இருக்கும், முக்கால் சுத்துக்கு மட்டை அசையவே அசையாது, கடைசிக் கால் சுத்துல பறக்கும். வர்ற 0 டு 1023-ஐ வகுக்க வேணாம், 3 பிட் வலது பக்கம் தள்ளினா 0 டு 127. மட்டையோட உயரத்தைக் கழிச்சு மேல வெட்டிக்கங்க.

ரெண்டுகேபி, ஜூன் 9, இரவு 9.52
பந்தோட வேகம் மட்டையோட தடிமனைத் தாண்டினா பந்து மட்டைக்குள்ளயே புகுந்து போயிடும். மட்டை 2 புள்ளி தடிமன்னா ஒரு ஃப்ரேமுக்கு 2 புள்ளிக்கு மேல நகர்த்தாதீங்க. இன்னும் வேகம் வேணும்னா ஒரே ஃப்ரேம்ல ரெண்டு தடவை நகர்த்தி ரெண்டு தடவையும் மோதலைச் சோதிங்க.

ஸ்கேன்லைன், ஜூன் 9, இரவு 10.05
அட்டாரியின் 1972 பாங்கில் பிராசஸரும் கிடையாது, புரோகிராமும் கிடையாது. எல்லாம் டிடிஎல் எனும் எளிய லாஜிக் சிப்புகள். ராம் பற்றாக்குறை என்று அவர்கள் புலம்பியிருக்கவே முடியாது.

புதுக்கை, ஜூன் 12, மாலை 5.25
பழைய வீடியோ கேம் செட்டோட ஜாய்பேட் ஒண்ணு இருக்கு, 9 பின் பிளக். அதைச் சேர்க்க முடியுமா? இணையத்துல 4021ன்னு ஒரு சிப் பேர் வருது, திறந்து பார்த்தா உள்ள கருப்புப் பொட்டு மட்டும்தான் இருக்கு.

ரெண்டுகேபி, ஜூன் 12, மாலை 6.10
அந்தப் பொட்டும், 8 பட்டனை ஒரே வயர்ல ஒண்ணொண்ணா அனுப்புற 4021 மாதிரிதான் நடந்துக்கும். 5 வயர்: 5 வோல்ட், கிரவுண்ட், லாட்ச், கிளாக், டேட்டா. வயர் நிறத்தை நம்பாதீங்க, பேட் உள்ள போர்டுல எழுதியிருந்தா அதைப் பாருங்க, இல்லைன்னா கன்டின்யுட்டி வெச்சுப் பிடிங்க.

லாட்சை 12 மைக்ரோ நொடி மேல தூக்கி இறக்குங்க. இறக்கின உடனே, கிளாக் கொடுக்கிறதுக்கு முன்னாடியே, ஏ பட்டன் டேட்டா வயர்ல வந்து நிக்கும். அதைப் படிச்சுட்டு கிளாக், படி, கிளாக், படி. வரிசை: ஏ, பி, செலக்ட், ஸ்டார்ட், மேல், கீழ், இடது, வலது. 8 தடவை படிக்க 7 கிளாக். முதல் கிளாக்கை முன்னாடியே கொடுத்துட்டா எல்லாம் ஒரு இடம் தள்ளிடும்: ஏ அமுக்கினா ஒண்ணும் நடக்காது, பி அமுக்கினா ஏ வேலை செய்யும். இங்கேயும் அமுக்கினா 0. டேட்டா வயருக்கு 10 கிலோ புல்-அப் போட்டுடுங்க, பேட் கழண்டிருந்தா எல்லாம் 1-ஆ வரும், ஆட்டம் தானா ஓடாது.

ஈயப்புகை, ஜூன் 12, மாலை 6.45
சொந்த பேட் செய்யறதா இருந்து 4021 கிடைக்காம 74எச்சி165 வாங்கினா, லாட்ச் தலைகீழ். 4021 மேல இருக்கும்போது பட்டனை வாங்கும், 165 கீழ இருக்கும்போது வாங்கும். 165-ல 15-ம் காலை கிரவுண்ட் பண்ணணும், சும்மா விட்டா கிளாக் ஏறாது. 4021-ல லாட்ச் 9, கிளாக் 10, டேட்டா 3-ம் கால்.

பழம்பெட்டி, ஜூன் 13, காலை 11.30
முழு இழையும் படிச்சேன். இவ்வளவு பாடு எதுக்கு? ராஸ்பெரி பை ஸீரோ 2ங்கிற சின்ன கம்ப்யூட்டர், ஒரு எஸ்டி கார்டு, பழைய கேம் ஓட்டுற ரெட்ரோபை சாஃப்ட்வேர். ஒரு சாயங்காலத்துல முடிஞ்சுது. நல்ல பவர் அடாப்டர் வேணும், 4.63 வோல்ட்டுக்குக் கீழ போனா திரை மூலையில மின்னல் குறி வரும். சும்மா பிளக்கைப் பிடுங்காம ஷட்டவுன் பண்ணணும், இல்லைன்னா கார்டு கெட்டுடும். வேற ஒண்ணும் இல்லை.

ரெண்டுகேபி, ஜூன் 13, மதியம் 12.15
கேம் ஆடணும்னா அதுதான் நேர்வழி, மறுப்பே இல்லை. கன்சோல் செய்யணும்னா அதுல நீங்க செய்யறது பெட்டி மட்டும்தான். புதுக்கைக்கு அது ஏற்கெனவே முடிஞ்சுது.

ஸ்கேன்லைன், ஜூன் 13, மதியம் 1.40
இரண்டுக்கும் நடுவே ராஸ்பெரி பை பிகோ இருக்கிறது. 264 கேபி ராம், 133 மெகாஹெர்ட்ஸ், இரண்டு கோர், போதாக்குறைக்கு பிஐஓ என்ற தனி ஸ்டேட் மெஷின்கள். பிக்செல் தள்ளும் வேலையை அவற்றிடம் கொடுத்துவிடலாம். 320×240, புள்ளிக்கு 8 பிட், 76,800 பைட். இரண்டு ஃப்ரேம் வைத்தாலும் இடம் இருக்கும்.

விஜிஏ மானிட்டர் இருந்தால் அங்கேயே போங்கள். ஒரு நிறத்துக்கு ஒரு பிட் என்றால் 270 ஓம் ஒன்று போதும், 75 ஓம் மீது 0.7 வோல்ட் வரும். இரண்டு பிட் என்றால் பெரிய பிட்டுக்கு 390, சின்ன பிட்டுக்கு 820, 0.24, 0.49, 0.73 என்று கிட்டத்தட்ட சமமான படிகள், மொத்தம் 64 நிறம். எச்டிஎம்ஐ வேண்டுமென்றால் சிப்பை 252 மெகாஹெர்ட்ஸுக்கு ஏற்றி, 8 வயரிலும் 270 ஓம் போட்டு டிவிஐ சிக்னல் தரலாம். தரக் குறிப்புப்படி அது முறையல்ல, ஆனால் பெரும்பாலான டிவி ஏற்றுக்கொள்ளும். ஜாக்கின் 18-ம் பின்னில் 5 வோல்ட் கொடுக்க மறந்தால் சில மானிட்டர் விழிக்கவே விழிக்காது. நெஸ் (ஃபேமிகாமின் வெளிநாட்டுப் பெயர்) எமுலேட்டரும் பிகோவில் ஓடுகிறது. அதில் போட, இன்றைய ஆட்கள் எழுதி இலவசமாக விடும் ஹோம்ப்ரூ கேம்களே ஏராளம்.

ஈயப்புகை, ஜூன் 13, மதியம் 2.05
பிகோல பின் எல்லாம் 3.3 வோல்ட். அந்த 9 பின் பேடை 5 வோல்ட்ல ஓட்டி டேட்டாவை நேரா செருகினா பின் போயிடும். பேடையே 3.3-ல ஓட்டுங்க, 4021-க்கு 3 வோல்ட்டே போதும்.

புதுக்கை, ஜூன் 13, இரவு 9.00
328பியிலயே முடிக்கிறேன். கலர் வர வாய்ப்பு உண்டா?

ஸ்கேன்லைன், ஜூன் 13, இரவு 9.25
16 மெகாஹெர்ட்ஸில் மறந்துவிடுங்கள். யூஸ்பாக்ஸ் என்று ஒரு திறந்த வடிவமைப்பு இருக்கிறது. அட்மெகா 644, 4 கேபி ராம், 256 நிறம். என்டிஎஸ்சி கலர் அலை 3.579545 மெகாஹெர்ட்ஸ்; அதன் 8 மடங்கில், சுமார் 28.6-இல் சிப்பை ஓட்டுகிறார்கள். டேட்டாஷீட்டில் உச்ச வரம்பு 20. நிறத்தை ஏடி725 என்ற தனி சிப் கலந்து கொடுக்கிறது. திரை, நான் முன்பு சொன்ன கட்ட அட்டவணை முறைதான். எஸ்டி கார்டிலிருந்து கேமை எடுத்துத் தன் ஃபிளாஷிலேயே எழுதிக்கொள்ளும்.

பழம்பெட்டி, ஜூன் 13, இரவு 9.50
அப்ப கார்ட்ரிட்ஜ் செருகுற மாதிரி 328பியில செய்ய முடியாதா?

ரெண்டுகேபி, ஜூன் 13, இரவு 10.10
328பி மாதிரி ஏவிஆர் வகை சிப் ஃபிளாஷ்ல இருக்கிற புரோகிராமை மட்டும்தான் ஓட்டும், வெளி நினைவகத்துலேருந்து ஓட்டாது. லெவல் டேட்டாவை மட்டும் 24எல்சி256 மாதிரி ஈப்ராம்ல (பவர் போனாலும் மறக்காத நினைவகம்) வெச்சு செருகலாம், 32 கேபி. இல்லைன்னா நெம்புகோல் வெச்ச ஸிஃப் சாக்கெட் போட்டு 328பியையே கழட்டி மாட்டுங்க. கேமுக்கு ஒரு சிப். கார்ட்ரிட்ஜுக்குள்ள முழு கன்சோல்.

புதுக்கை, ஜூன் 16, இரவு 8.15
கேம் முடிஞ்சுது, 11 புள்ளி எடுத்தா வெற்றி. சத்தமும் வேணும். அப்புறம் ஊனோவை எடுத்துட்டு வெறும் சிப்பை போர்டுல வைக்கணும்.

ரெண்டுகேபி, ஜூன் 16, இரவு 9.05
சத்தம் டி11-லிருந்து. அங்க வர்றது 0-க்கும் 5-க்கும் தாவுற சதுர அலை, அப்படியே டிவிக்குக் கொடுக்காதீங்க. 10 கிலோவும் 2.2 கிலோவும் வெச்சு பங்கு போட்டா 0.9 வோல்ட். அதுக்குப் பிறகு 10 மைக்ரோஃபாரட் கெப்பாசிட்டர், பிளஸ் கால் சிப் பக்கம். ஹை ஸ்கோரை ஈப்ராம்ல எழுதுறதா இருந்தா ஆட்டம் முடிஞ்சப்புறம் மட்டும் எழுதுங்க, 1 லட்சம் தடவைதான் உத்தரவாதம்.

வெறும் சிப்புக்கு: 7, 20 ரெண்டும் 5 வோல்ட். 8, 22 ரெண்டும் கிரவுண்ட். 9-க்கும் 10-க்கும் நடுவுல 16 மெகாஹெர்ட்ஸ் கிரிஸ்டல், ரெண்டு காலிலிருந்தும் 22 பிகோஃபாரட் கிரவுண்டுக்கு. 1-ம் காலிலிருந்து 10 கிலோ 5 வோல்ட்டுக்கு. 7-8 பக்கத்துல ஒரு 100 நானோஃபாரட், 20-22 பக்கத்துல ஒண்ணு, காலை ஒட்டி. 20-ம் காலை விட்டுட்டா பொட்டென்ஷியோமீட்டர் எண் எல்லாம் கன்னாபின்னான்னு வரும். ஊனோவோட டி7 இங்க 13-ம் கால், டி9 இங்க 15, டி11 இங்க 17.

புது சிப் உள் ஆஸிலேட்டர்ல 1 மெகாஹெர்ட்ஸ்ல ஓடும்படிதான் வரும். ஊனோவை புரோகிராமராக்கி சிப்போட கிளாக்கைத் தீர்மானிக்கிற லோ ஃபியூஸ் அமைப்பை 62-லிருந்து எஃப்எஃப்-க்கு மாத்தணும். மாத்தின நிமிஷத்துலேருந்து கிரிஸ்டல் இல்லாம சிப் பேசவே பேசாது. செத்துப்போச்சுன்னு குப்பையில போடாதீங்க, கிரிஸ்டலை மாட்டினா எழுந்திடும். சிக்னேச்சர் பொருந்தலைன்னு வந்தா சிப் மேல படிங்க, பி இல்லாத 328-ஆ இருக்கும்.

புதுக்கை, ஜூன் 16, இரவு 9.20
உள் ஆஸிலேட்டரையே 8 மெகாஹெர்ட்ஸ்ல வெச்சு ஓட்டினா கிரிஸ்டல் மிச்சமாகாதா?

ஸ்கேன்லைன், ஜூன் 16, இரவு 9.31
சிங்க் ஒரு வரிக்கு 63.5 மைக்ரோ நொடி. உள் ஆஸிலேட்டர் ஆலையிலிருந்து வரும்போது 10 சதவீதம் வரை தள்ளி இருக்கலாம், சூட்டுக்கும் மாறும். படம் சாய்ந்து ஓடும். பாதி வேகத்தில் 128 புள்ளியும் வராது. கிரிஸ்டல் போடுங்கள்.

ஈயப்புகை, ஜூன் 17, காலை 7.50
பவருக்கு 9 வோல்ட் சதுர பேட்டரியும் அதை 5 வோல்ட்டாக்குற 7805 ரெகுலேட்டரும் வேணாம். 7 வோல்ட்டுக்குக் கீழ இறங்கினா 7805 ஒழுங்கா வேலை செய்யாது, மிச்சமெல்லாம் சூடாத்தான் போகும். யுஎஸ்பி சார்ஜர் 5 வோல்ட்டே போதும்.

சிப்பை நேரா சால்டர் பண்ணாதீங்க, சாக்கெட் வைங்க. 28 கால் சாக்கெட் ரெண்டு அகலத்துல வரும். 328பிக்கு வேண்டியது குறுகினது, வரிசைக்கு வரிசை 7.62 மில்லிமீட்டர். 15.24 வாங்கிட்டு வந்து சிப்போட காலை விரிச்சுப் பார்க்காதீங்க. அயர்ன் 330 டிகிரி. காலையும் தகட்டையும் சேர்த்து சூடாக்கிட்டு ஈயத்தை அங்க கொடுங்க, அயர்ன் நுனியில கொடுக்காதீங்க. சிப்பை மாட்டுறதுக்கு முன்னாடி காலி சாக்கெட்ல பவரைக் கொடுத்து 7-க்கும் 8-க்கும் நடுவுல 5 வோல்ட் வருதான்னு அளந்துட்டு மாட்டுங்க.

ஆர்சிஏ ஜாக்கோட கால்கள் போர்டு ஓட்டைக்கு நேரா உட்காராது, அங்க மட்டும் ஓட்டையைப் பெருசாக்கணும். அதனால ஜாக் போர்டுல எங்க உட்காருதுன்னு பார்த்துட்டு பெட்டியில ஓட்டை போடுங்க.

புதுக்கை, ஜூன் 17, காலை 8.10
பெட்டியில ஓட்டை போட்டாச்சே.

ஈயப்புகை, ஜூன் 17, காலை 8.12
அப்ப ஜாக்கை பெட்டியிலயே திருகி, போர்டுக்கு 10 சென்டிமீட்டர் வயர் இழுத்துடுங்க. வயர் ஷீல்டு உள்ளதா இருக்கட்டும், ஷீல்டை போர்டு பக்கம் கிரவுண்ட் பண்ணுங்க, கிரிஸ்டலை ஒட்டிக் கொண்டுபோகாதீங்க.